டப்பாவின் மேல் பெயர், அடியில் எண்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு டூல்ரூமுக்குள் நுழைந்து, "இந்த மைக்ரோமீட்டர் ஜப்பான்காரன் செஞ்சது, அளவு தப்பாவே காட்டாது" என்று சொல்லிப் பாருங்கள். இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிறவர் பதில்கூடச் சொல்ல மாட்டார். கருவியைத் திருப்பி, அதில் ஒட்டியிருக்கும் காலிபரேஷன் ஸ்டிக்கரில் தேதி பார்ப்பார். தேதி தாண்டியிருந்தால், மிட்டுடோயோவாகவே இருந்தாலும் சிவப்பு டேக் மாட்டி ஓரம் கட்டிவிடுவார். பேர்போன ஆலையின் உருக்குக் கம்பியும், எந்த உருக்கலில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பரும் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டும் இல்லாமல் ஸ்டோருக்குள் போகாது. பாடியிலிருந்து ஆவடி வரை வண்டி உதிரிபாகம் செய்து பிழைக்கிற எந்தக் கம்பெனியிலும் இதுதான் நடைமுறை.

இதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு பத்து மீட்டர் ஏர் ரைபிள் ரேஞ்சுக்குப் போகிறார். "சார், எந்த பிராண்ட் பெல்லட் வாங்கணும்?" என்பது அவருடைய முதல் கேள்வி. பதில் தயாராக இருக்கிறது: "ஜெர்மன்தான் சார். மத்ததெல்லாம் காசுக்குப் புடிச்ச கேடு." ஆறு நாளும் ஹீட் நம்பர் கேட்டவர் ஏழாம் நாள் தலையை ஆட்டிவிட்டு பர்ஸைத் திறக்கிறார்.

துப்பாக்கி சுடுதலில் இருப்பவர்களிடம் இந்த நம்பிக்கை ஏறக்குறைய மதம்போல் ஊறிப்போயிருக்கிறது. நல்ல பிராண்ட் என்று ஒன்று உண்டு, அது எல்லோருக்கும் நல்லது, விலை ஏற ஏறப் புள்ளியும் ஏறும், ஜெயித்தவர் எதைப் பயன்படுத்தினாரோ அதையே நாமும் வாங்க வேண்டும், ஒருமுறை "செட்" ஆகிவிட்டால் மாற்றவே கூடாது. இந்த ஐந்தில் முதலாவதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. மற்றவை தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிராண்ட் சண்டையின் தாய்வீடு அமெரிக்கா. அங்கே சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, வீட்டுக் கராஜில் பிரஸ் வைத்து, புது பிரைமரும் மருந்தும் குண்டும் அடைத்து மறுபடி தோட்டாவாக்குவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. பச்சை நிற ஆர்சிபிஎஸ் பிரஸ்காரர், சிவப்பு லீ பிரஸ்காரரைப் பார்த்து முகம் சுளிப்பார். நீல டில்லன் வைத்திருப்பவர் இருவரையும் பார்த்துச் சிரிப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆர்சிபிஎஸ் என்ற பெயரே ஒரு தட்டுப்பாட்டில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கடையில் குண்டு கிடைக்காததால், கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரைச் சேர்ந்த ஃபிரெட் ஹண்டிங்டன் சுட்டுப்போட்ட பாயிண்ட் டூ டூ தோட்டாக் கூடுகளையே குண்டின் உறையாக மாற்றும் டை ஒன்றைச் செய்தார். அந்தக் குண்டால் சுட்டது ராக் சக் என்ற பெரிய மலை அணிலை. டைக்கு வைத்த பெயரே சுருங்கிக் கம்பெனியின் பெயரானது. எந்தக் கம்பெனி நல்லது என்று தேடுவதற்கு அவருக்கு அன்று வழியில்லை. அளந்து, செய்து, சுட்டுப் பார்த்தார்.

நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடம் கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள். அது அப்படியே இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. பெரும்பாலான நம்மவர்கள் தொடுவது 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கியை மட்டுமே. 2016 ஆயுத விதிகளின்படி இந்த அளவுக்குள்ளும் 20 ஜூல் சக்திக்குள்ளும் இருப்பதற்கு உரிமம் தேவையில்லை. பத்து மீட்டர் ரேஞ்ச் அமைக்க ஒரு நீள ஹாலும் ஒழுங்கான தடுப்புச் சுவரும் போதும் என்பதால், முகப்பேர் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கும் இந்த விளையாட்டு எட்டுகிறது. பிரஸ், டை, மருந்து என்று தேர்வு செய்ய நமக்கு ஒன்றுமே இல்லை. பெல்லட் டப்பா ஒன்றுதான் நம் கையில் இருக்கிற தேர்வு. அதனால்தானோ என்னவோ, அமெரிக்கர்கள் பத்துப் பொருளுக்குப் பங்குபோடுகிற வெறியை நாம் ஒரே தகர டப்பாவின் மேல் கொட்டுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். டூல்ரூம்காரர்களுக்குக் கணக்கு கசக்காது.

ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் ஓரம் அந்தக் கோட்டைத் தொட்டாலே பத்து. பெல்லட்டின் விட்டம் 4.5. ஆக, இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் பத்து கிடைத்துவிடும். அதற்கு வெளியே ஒவ்வொரு 8 மில்லிமீட்டருக்கும் ஒரு புள்ளி குறைகிறது. இப்போது ஆறு மாதமாகப் பயிற்சி எடுக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். எட்டும் ஒன்பதுமாக விழுகிறது, நடுநடுவே ஒரு ஏழு. கை நடுக்கமும் ட்ரிகர் இழுப்பும் சேர்ந்து அவள் சுடுவது நடுவிலிருந்து சராசரியாக 15 மில்லிமீட்டர் சிதறுகிறது என்று வையுங்கள். அவள் வைத்திருக்கும் சாதாரண பெல்லட், துப்பாக்கியை வைஸில் இறுக்கிச் சுட்டாலும் 2 மில்லிமீட்டர் சிதறும் என்றும் வையுங்கள். இரண்டையும் கூட்டினால் 17 என்பார் கடைக்காரர். அப்படி ஆகாது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பிழைகள் வர்க்கமாகக் கூடும். அசெம்பிளியில் டாலரன்ஸ் கூட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம். 225உம் 4உம் 229. வர்க்கமூலம் 15.13. உலகத்திலேயே உயர்ந்த, துளிகூடச் சிதறாத பெல்லட் ஒன்றைத் தேவலோகத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தாலும் அந்தப் பிள்ளைக்கு மிச்சமாவது 0.13 மில்லிமீட்டர். ஒரு புள்ளிக்கு 8 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில்!

ரைபிளில் கதை வேறு, அதை மறைக்க மாட்டேன். அங்கே பத்தின் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால்தான் பத்து, அதற்குள்ளும் 0.25 மில்லிமீட்டருக்கு ஒரு தசமப் புள்ளி என்று 10.9 வரை போகும். 60 சுடலில் 630 எடுக்கிறவர் சராசரியாக 10.5 அடிக்கிறார், அதாவது நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் நிற்கிறார். அவருக்கு பெல்லட்டின் ஒரு மில்லிமீட்டர் சிதறல் பெரிய திருட்டு. அவர் பெல்லட்டைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் அவருடைய கவலையை அப்படியே பெயர்த்தெடுத்து, இன்னும் நிற்கவே பழகாத பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்? டப்பாவில் கூடுதலாகப் போட்ட பணம் இன்னும் சில மாதப் பயிற்சிக் கட்டணமாக, பொருத்தமான ஒரு ஜோடி ஷூவாக ஆகியிருக்கும்.

அந்த 630காரர் எப்படிக் கவலைப்படுகிறார் என்பதில்தான் பிராண்ட் நம்பிக்கை அடியோடு சரிகிறது. அவர் பெயரைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. டப்பாவைத் திருப்பி லாட் எண்ணைப் பார்க்கிறார்.

பெல்லட் எப்படி உருவாகிறது? ஈயத்தைத் துண்டாக்கி, டைக்குள் வைத்து, பஞ்சால் அழுத்துகிறார்கள். டை தேயும். தேய்ந்தால் மாற்றுவார்கள். புது டையில் விழுந்ததும் பழைய டையில் விழுந்ததும் நூலிழை வேறுபடும். அதனால்தான் ஒரே பெயரில் தலை விட்டம் 4.49 என்றும் 4.50 என்றும் தனித்தனி டப்பாக்கள் விற்கிறார்கள். அதற்குள்ளும் லாட்டுக்கு லாட் மாறும். பிரஸ் ஷாப்பில் ஒரு வாரம் வேலை பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவரே இங்கே வந்து "ஒரே பிராண்ட்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு என்னைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது, கம்பெனிகளே. ஐம்பது மீட்டர் போட்டிகளுக்கான பாயிண்ட் டூ டூ தோட்டாவில் இரண்டு பெரிய பெயர்கள் ஈலியும் லப்புவாவும். ஈலி இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருக்கிறது. லப்புவா பின்லாந்துப் பெயர், அதன் பாயிண்ட் டூ டூ ஆலை ஜெர்மனியின் ஷோனபெக்கில். இரண்டும் தங்கள் இடத்திலேயே சோதனை ரேஞ்ச் வைத்திருக்கின்றன. சுடுகிறவர் தன் துப்பாக்கியோடு அங்கே போகலாம். பேரலை இறுக்கிப் பிடித்து, ஒரே ரகத் தோட்டாவின் வேறு வேறு லாட்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டு, எது அந்தக் குழலுக்கு இறுக்கமான குரூப் தருகிறதோ அந்த லாட்டை மட்டும் மொத்தமாக வாங்கிக்கொண்டு திரும்பலாம். யோசித்துப் பாருங்கள். பெட்டியின் மேல் இருக்கிற பெயர் போதும் என்றால், அந்தப் பெயரின் சொந்தக்காரர்களே இப்படி ஒரு ஏற்பாட்டை எதற்குச் செய்து வைக்க வேண்டும்? "என் பெயரை மட்டும் நம்பாதே, உன் குழலைக் கொண்டு வா" என்று தயாரிப்பவரே சொல்கிறார். "இல்லை இல்லை, உங்க பேர் போதும்" என்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

அமெரிக்கக் கராஜ்காரர்களும் ஒரு விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு. அவர்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு கையேட்டிலும் அடிப்படை எச்சரிக்கை ஒன்று உண்டு: ஏதாவது ஒரு பாகத்தை மாற்றினால், அதே மருந்தின் புது லாட்டாகவே இருந்தாலும், பழைய அளவை அப்படியே போடாதே, குறைவிலிருந்து மறுபடி தொடங்கு. பெயர் அதே, நிறம் அதே, டப்பா அதே. ஆனாலும் புதுப் பொருளாகத்தான் பார்க்கச் சொல்கிறது. அங்கே தவறினால் விரல் போகும் என்பதால் அந்த ஒழுக்கம் வந்தது. நமக்குப் போவது புள்ளியும் காசும் மட்டும் என்பதால் ஒழுக்கம் வரவில்லை.

குழலின் பக்கமிருந்தும் பார்க்கலாம். ஜெர்மன் மேட்ச் ரைபிள் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும். ஆலையில் சுட்ட ஐந்து பெல்லட்டும் ஒரே ஓட்டையாகத் தெரியும். கிளப்பில் அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. "பாருங்க சார், அவங்களே இந்த பெல்லட்லதான் சுட்டிருக்காங்க" என்பார்கள். அந்த அட்டை அந்த வரிசை எண் கொண்ட அந்த ஒரு குழலுக்கு, அன்றைக்கு அங்கே இருந்த ஒரு லாட்டில் கிடைத்த விடை. பக்கத்து லேனில் அதே மாடல் வைத்திருப்பவருக்கு அது பொருந்தும் என்று யார் சொன்னது? என் தம்பிக்கு மைனஸ் ரெண்டு பவர், கண்ணாடி அருமையா இருக்கு, நீயும் அதையே போட்டுக்கோ என்பதுபோல் இருக்கிறது.

ஆவடிக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். 1965இல் விஜயந்தா டாங்கியை உருட்டி வெளியே விட்ட கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. அர்ஜுன் டாங்கியும் அங்கேதான் உருவாகிறது. இன்றைய டாங்கியின் குறிபார்க்கும் கணினி குண்டு ரகத்தின் பெயரைக் கேட்டதோடு விடுவதில்லை. குழல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மருந்தின் வெப்பநிலை என்ன, காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் கேட்டுத்தான் கணக்குப் போடுகிறது. ஒரு குழலின் கணக்கை அடுத்த குழலுக்கு அப்படியே எழுதிக்கொள்ள முடியாது என்பதை அந்த ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள் அப்பா வாயிலாகவே கேட்டிருப்பார்கள்.

அடுத்து, "எனக்கு ஒத்துவந்தது" என்கிற வாதம். எதிர்த்துப் பேசவே கூச்சமாக இருக்கும், ஏனென்றால் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எதை வைத்துச் சொல்கிறார்? ஐந்து பெல்லட் சுட்டார், குரூப் சின்னதாக வந்தது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். ஒரே துப்பாக்கி, ஒரே டப்பா, ஒரே கை. அடுத்தடுத்து ஐந்து ஐந்தாகச் சுட்டாலே ஒரு குரூப் இன்னொன்றைப்போல் இரு மடங்கு வருவது சர்வசாதாரணம். அது வெறும் தற்செயல். ஐந்துக்குப் பதில் பத்துச் சுட்டால் குரூப் சராசரியாகக் கால் பங்கு பெரிதாகும், பெல்லட் கெட்டுப்போனதால் அல்ல, எண்ணிக்கை கூடியதால். ஆக, ஒரு டப்பாவில் ஐந்தும் இன்னொரு டப்பாவில் பத்தும் சுட்டு ஒப்பிட்டவர், பிராண்டை ஒப்பிடவே இல்லை. வாட்ஸ்அப்புக்கு வருவது நல்ல குரூப் மட்டும்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோசமானதை யாராவது போட்டோ எடுப்பார்களா?

அதோடு, பெரும்பாலானவர்கள் ஒன்றைத் தவிர வேறெதையும் சுட்டுப் பார்த்ததே இல்லை. பத்து வருடம் ஒரே பெல்லட்டைச் சுட்டவருக்கு அந்த பெல்லட்டைப் பற்றித் தெரியும். அது மற்றதைவிட நல்லதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அனுபவம் என்று நாம் மரியாதை கொடுப்பதில் பாதி, பழக்கம்.

"சாம்பியன்கள் பயன்படுத்துகிறார்களே" என்பது அடுத்தது. உலகக் கோப்பை இறுதிச் சுற்றில் நிற்கும் எட்டுப் பேர் கையில் இரண்டு மூன்று கம்பெனிப் பொருள்தான் இருக்கும். தங்கம் வாங்கியவர் அதைத்தான் சுட்டார், சரி. தகுதிச் சுற்றிலேயே கடைசியாக வந்தவரும் அதையேதான் சுட்டார். அவர் போட்டோவை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் போட்டி நடுவே பழுதாகி, பொன்னான நிமிடங்கள் போய், அவர் 575 எடுத்துப் பன்னிரண்டாவதாக நின்றார். மூன்று வருடம் கழித்து 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம். நடுவில் அவர் தேடிப் போனது புதுசாக ஒரு டப்பாவை அல்ல, பிரிந்திருந்த பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனைப் பற்றிக் கேட்கிறவர்களும் அவர் எப்படிப் பயிற்சி எடுக்கிறார் என்று கேட்பதில்லை, என்ன ரைபிள் என்றுதான் கேட்கிறார்கள்.

அபினவ் பிந்த்ராவை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது. 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் 700.5, கடைசிச் சுடல் 10.8. கருவிகள் விஷயத்தில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை அவருடைய சுயசரிதையே விரிவாகச் சொல்கிறது. "பார்த்தீங்களா, அவரே அவ்வளவு பார்க்கிறார்" என்று பிராண்ட் பக்தர்கள் அதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அது அவர்களுக்கு எதிரான ஆதாரம். பிந்த்ரா ஒரு பெயரை நம்பிவிட்டு உட்கார்ந்தவர் கிடையாது. எதையும் நம்பாமல் ஒவ்வொன்றையும் சோதித்தவர். அவரிடமிருந்து சோதனையை விட்டுவிட்டுப் பொருளின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது, பரீட்சையில் பக்கத்து மாணவனின் விடையைப் பார்த்து எழுதி, கேள்வித்தாளே வேறு என்பதைக் கவனிக்காமல் விடுகிற வேலை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு நின்று கலப்புப் பிரிவில் வெள்ளி வாங்கினார் அல்லவா. அதைக் காட்டி "கருவியே முக்கியமில்லை" என்கிறார்கள். அவர் கழற்றி வைத்தது தனி லென்ஸையும் கண் மறைப்பையும்தான். கையில் இருந்தது மற்ற எல்லோரிடமும் இருப்பதுபோன்ற மேட்ச் பிஸ்டல். கருவி முக்கியம். அதன் பெட்டியில் அச்சிட்ட பெயர் அந்த முக்கியத்துவத்துக்குப் பதிலாள் ஆக முடியாது என்பதே என் வாதம்.

"இந்தியப் பொருள் ரேஞ்சுக்கு லாயக்கில்லை" என்பதையும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறேன். நம்முடைய துவக்கநிலைப் பிள்ளைகள் பலர் பிரிசிஹோல் ரைபிளில்தான் பழகுகிறார்கள். ஆழத்துளை போடும் எந்திரங்கள் செய்கிற மகாராஷ்டிரக் கம்பெனியிலிருந்து கிளைத்தது அது. நீளமான நேர்த்துளை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அம்பத்தூருக்குத் தெரியும். பாடியில் ஆலை வைத்திருக்கும் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பத் தொடங்கியது. அங்கே காரை வாங்கியவருக்கு மூடி எந்த ஊர் என்று தெரிந்திருக்காது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அளவு சரியாக இருந்தது, அவ்வளவுதான். இதற்காக இந்திய பெல்லட் எல்லாம் உயர்ந்தது என்று கொடி பிடிக்கவும் நான் தயாரில்லை. சுதேசி என்பதற்காக வாங்குவதும் பெயர் பார்த்து வாங்குவதுதான். சுட்டுப் பாருங்கள், நன்றாக வந்தால் வாங்குங்கள், சிதறினால் விடுங்கள்.

இத்தனைக்கும் எதிராக நியாயமான வாதம் ஒன்று உண்டு. ஷிப்ட் முடித்து வந்து, பிள்ளையை சி.டி.எச். ரோட்டு டிராபிக்கில் ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் தகப்பனுக்கு லாட் லாட்டாகச் சோதிக்க நேரமேது? பெயர் பெற்ற கம்பெனி என்றால் படுமோசமாக இருக்காது என்று ஓர் உத்தரவாதமாவது இருக்கிறதே. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். நல்ல பெயர் பெற்ற கம்பெனிகள் உருட்டி, சலித்து, பொறுக்கி அடைக்கின்றன. பெல்லட்டின் பின்பக்க விளிம்பான பாவாடை நசுங்கியதும் ஈயப்பிசிறு ஒட்டியதும் அவர்கள் டப்பாவில் குறைவு. அந்த அளவில் பெயருக்கு மதிப்பு உண்டு. கடையில் எந்த அலமாரிக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று அது சொல்லும். அந்த அலமாரியிலிருந்து எந்த டப்பாவை எடுக்க வேண்டும் என்று அது சொல்லாது. அதைச் சொல்வதாக நடித்துக் கூடுதல் காசு வாங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

உத்தரவாதம் கடை வாசலோடு முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆலையில் பொறுக்கி அடைத்த பெல்லட்டை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு, மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பள்ளங்களில் குதிக்க விட்டுக் கொண்டுவந்தால், ஈயப் பாவாடை ஒன்றோடொன்று மோதி நெளியும். ஐப்பசி மழை ஈரத்தில் மூடி சரியாக மூடாத டப்பாவில் வெள்ளைப் பொடி பூக்கும். பஞ்சு வைத்து, இறுக்க மூடி, உலர்ந்த அலமாரியில் வைத்த சுமாரான பெல்லட், இப்படி நெளிந்த உயர்ந்த பெல்லட்டைவிட நன்றாகப் போகும். இதைப் பற்றி ரேஞ்சில் யாரும் வாயே திறப்பதில்லை. பஞ்சுக்கு பிராண்ட் இல்லாததால் இருக்கலாம்.

சரி, தகப்பனுக்கு நேரமில்லை. ஆனால் கிளப்புக்கு நேரம் இருக்கிறது. ஒரு ரைபிளை அசையாமல் பிடிக்கும் வைஸ் செய்ய அம்பத்தூரில் எந்த ஜாப் ஒர்க் பட்டறைக்கும் ஒரு நாள் வேலை. ரப்பர் வைத்த தாடை, கனமான அடித்தட்டு, போல்ட் போட ஒரு தூண். நாலைந்து லாட்டில் ஒவ்வொரு டப்பா வாங்கி, பெயர் தெரியாமல் சின்ன டப்பிகளுக்கு மாற்றி, அ, ஆ, இ என்று எழுதி வைக்க வேண்டும். மாற்றி வைத்தவர் சுடக் கூடாது. சுடுகிறவருக்கு எது எது என்று தெரியக் கூடாது. டப்பிக்குப் பத்துப் பத்தாக, வரிசையைக் கலைத்து, பல முறை சுட்டு, வெர்னியரால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். எந்தத் துப்பாக்கி, என்ன லாட், எத்தனை மில்லிமீட்டர். பிறகுதான் பெயரைத் திறந்து பார்ப்பது. யாருக்கு எந்த லாட் நன்றாக வந்ததோ, அவர்கள் சேர்ந்து அதையே மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

கடைக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "லாட் பார்த்தெல்லாம் எடுத்துத் தர முடியாது சார், வந்ததைத்தான் கொடுப்போம்." ஒரு டப்பா கேட்டு நிற்கிறவரிடம் அவர் அப்படித்தான் சொல்வார். இருபது பிள்ளைகளின் வருடத் தேவைக்கு ஒரே லாட்டில் டப்பாக்கள் வேண்டும் என்று ஒரு கிளப் எழுதிக் கேட்டால் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தேடுவார். எஸ்டேட்டில் இருபது கம்பெனிக்கு உருக்கு சப்ளை செய்கிறவர் ஹீட் நம்பர் கொடுக்கப் பழகியது வாங்குகிறவர்கள் விடாமல் கேட்டதால்தான். பெல்லட் விற்கிறவரிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை.